தலை தீபாவளியும் என் வாய்ப்புண்ணும்

பொறாமைப்படக் கூடாது என்று யார் வேண்டுமானாலும் உபதேசம் செய்யலாம், அவருக்குச் சகலை இல்லாத பட்சத்தில். அண்ணன் தம்பிக்குள் பொறாமை வந்தால் பெற்ற தாய் சமாதானம் செய்வாள். சகலையோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதே மாமியார்தான். யாரிடம் போய் முறையிடுவது?

என் மனைவி சுதாவின் அக்கா கணவர் முரளி (எங்கள் வீட்டு வழக்கில் ஷட்டகர்) பல் டாக்டர். ஆள் உயரம், தலை நிறைய முடி, இதெல்லாம் போதாதென்று பளீரென்ற பல்வரிசை வேறு. டில்லி லக்ஷ்மிபாய் நகரில் மாமனாரின் குவார்ட்டர்ஸுக்கு நான் பெண் பார்க்கப் போன அன்றே மாமியார் பஜ்ஜித் தட்டை நீட்டியபடி, "எங்க பெரிய மாப்பிள்ளை சிரிச்சார்னா ட்யூப் லைட்டே வேண்டாம்" என்றார். அன்று மூடிய வாயை நான் கல்யாண ஆல்பத்தில்கூடத் திறக்கவில்லை.

தலை தீபாவளி வந்தது. அந்த ஒரு நாளாவது புது மாப்பிள்ளைதானே ராஜா! அதற்கும் முரளி குடும்பத்தோடு வருகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவரைப் பல்லாலேயே ஜெயிப்பது என்று முடிவு செய்தேன். மயூர் விஹார் மார்க்கெட்டில், "பையா, ஸப்ஸே ஹார்ட் வாலா" என்று, இருப்பதிலேயே முரடான பிரஷ்ஷாகக் கேட்டு வாங்கி, அடிபிடித்த பால் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் காலையும் மாலையும் தேய்த்தேன். பல் வெளுத்ததோ இல்லையோ, ஈறும் கன்னத்தின் உட்புறமும் உரிந்து, பண்டிகைக்கு முன்தினம் வாயெல்லாம் புண். பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்தது.

"முரளி அத்திம்பேர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சுடும்?" என்றாள் சுதா.

"டில்லில வேற டாக்டரே கிடையாதா?"

"இருக்காளே! அப்ப அங்க போங்கோ."

போகவில்லை. பல் டாக்டரின் சகலை இன்னொரு டாக்டரிடம் வாயைக் காட்டினால் அது எப்படியும் மாமியார் காதுக்குப் போய்விடும். முரளியிடம் காட்டுவதைவிட நான் வடக்கிருந்து உயிர் விடுவேன்!

தீபாவளி விடியற்காலை. எண்ணெய்க் குளியல் ஆயிற்று. மஞ்சள் தடவிய புது வேட்டியில் மாமனார் முன்னால் நின்றார். மாமியார் லேகியக் கிண்ணத்தோடு வந்தார். இஞ்சி, மிளகு, கண்டந்திப்பிலி எல்லாம் அரைத்துப் போட்டுக் கிளறியது. வாசனைக்கே என் வாய் அலறியது. ஒரு மிளகளவு நக்கிவிட்டு நழுவியிருப்பேன். ஆனால் முரளி நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டு, "பேஷ்! ஒறைப்பு சரியா இருக்கு" என்றார்.

"பெரிய மாப்பிள்ளைக்கு எதுவும் ஒத்துக்கும்" என்று பூரித்தார் மாமியார்.

"எனக்கு எலுமிச்சம்பழ அளவு குடுங்கோ" என்றேன். (வேறு யாரோ சொன்னதுபோல்தான் என் காதில் விழுந்தது.)

உருண்டை உள்ளே போனதும் காது வழியாகப் புகை வந்திருக்க வேண்டும். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"அச்சச்சோ! அம்மா ஞாபகம் வந்துடுத்து போலிருக்கே, பாவம்" என்று மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் ஆறுதலாக என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். லேகியம் முழுசாகப் புறப்பட்டு அவருடைய புது வேட்டியில் போய் உட்கார்ந்தது. நான் "ஆ" என்று கத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினேன்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் முரளிதான். வாசலில் பட்டாசுக்கு வைத்திருந்த டார்ச்சை எடுத்துவந்து, "வாயத் திறப்பா" என்றார். குடும்பமே எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி, இதோடயா லேகியம் சாப்பிட்டே? எதால தேச்சே, கம்பியாலயா?" வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்புளிக்க வைத்து, புண்ணில் ஏதோ களிம்பும் தடவினார். "மெத்து மெத்துனு ஒரு பிரஷ் வாங்கு. அழுத்தாமத் தேய். ஆறற வரைக்கும் காரம், புளி, சூடு எதுவும் தொடாதே. ரெண்டு வாரத்துல ஆறலைன்னா கிளினிக்குக்கு ஜல்தியா வந்துடு, விட்டு வெக்காதே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி நல்லவராக இருந்தால் எப்படித்தான் பொறாமைப்படுவது? அதிலும் குறை வைக்கவில்லை, பட்டேன். எனக்கென்று செய்த தலை தீபாவளி விருந்தை முரளி ரசித்துச் சாப்பிட, நான் எதிரில் உட்கார்ந்து குழைந்த மோர் சாதத்தை வழித்துக் குடித்தேன்.

ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது. கதைதான் ஆறவில்லை. அடுத்த தீபாவளியிலிருந்து, வாயைக் காட்டாமல் யாருக்கும் லேகியம் கிடையாது என்று மாமியார் சட்டம் போட்டுவிட்டார். எண்ணெய்க் குளியல் ஆனதும் எல்லோரும் வரிசையில் நின்று "ஆ" காட்ட வேண்டும். முரளி டார்ச் அடித்து, "பாஸ்" என்றால்தான் உருண்டை.

டில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் இதைச் சாஸ்திரம் என்றே நம்பிவிட்டாள். தமிழர் தீபாவளியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஹிந்தியில் பேசும்போது, குளித்ததும் வாய்க்கு டார்ச் அடிப்பது எங்கள் பரம்பரை வழக்கம் என்று சொல்லியிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது டீச்சர் கைகூப்பி, "எவ்வளவு நல்ல வழக்கம் ஜி! இதை ஆரம்பித்து வைத்தவர் யார்?" என்று கேட்டார்.

என் வாழ்நாளில் கிடைத்த ஒரே பெருமை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்:

"முரளி பெரியப்பா!"