துண்டுப் பட்டனும் முக்காட்டானும்

கருமத்தம்பட்டி
புரட்டாசி, சனிக்கிழமை காலை

அந்தியூர் சம்பந்தி சென்னியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தீவனக்கடை தம்பிதுரை கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மயிலாத்தாளும் சௌக்கியம், கடையும் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் அக்ஷயாவும், போன மாதம் கன்று போட்ட எருமையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இந்தச் சனிக்கிழமை பெருமாளை வேண்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வைகாசியில் மாப்பிள்ளை விருந்தன்று பந்தியில் வைத்துத் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பவானி ரோட்டில் சும்மா கிடக்கும் தங்கள் குடோனை எங்கள் கடையின் கிளைக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். அதற்குத் தாங்கள், "ஏனுங்க சம்பந்தி, செல்போன்ல தீவனம் விக்கறீங்களாமா. கடைக்கு வர்றவனுக்கு மூஞ்சி இருக்குது. வர்ற நடையப் பாத்தே இவன் வாங்குவானா, சும்மா வெல கேட்டுப்போட்டுப் போவானான்னு சொல்லிப்போடுவீங்க. செல்போனுக்குள்ள எவன் வந்தான் எவன் போனான்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றீர்கள். அதோடு விடவில்லை. "மூஞ்சி பாக்காம ஒரே ஒரு ஆளையாச்சும் உங்க ஆப்பு இன்னாருன்னு கண்டுபிடிக்கட்டும், அன்னைக்கே சாவியக் கையில குடுத்துபோடறேன். ஆனா எழுத்துல குடுக்கோணும், வாய்ப்பேச்சு ஆகாது" என்றீர்கள். பந்தியே சிரித்தது. மயிலாத்தாளும் சிரித்தாள். அந்தியூர்க் கிளைக்குப் பெயர்ப்பலகை எழுத முன்பணம் கொடுத்துவிட்ட எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன். கண்டுபிடித்துவிட்டேன். சாவிக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கவும்.

நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் இந்த வெற்றியின் கனம் தங்களுக்குத் தெரியும். ஆப் போட்ட முதல் மாதம், அதைச் செய்துகொடுத்த சரவணம்பட்டிக் கம்பெனியில் இருந்து மோகனப்பிரியா என்ற பிள்ளை வந்து ரிப்போர்ட் காட்டியது. ஆப்புக்குள் வந்தவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், எதைத் தொட்டார், எங்கே திரும்பிப் போனார் என்று எல்லாம் படம் போட்டுக் காட்டும் கருவி இருக்கிறது; அனலிட்டிக்ஸ் என்கிறார்கள். நம் கடைக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும், யாருடைய போனுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கும் முதல் பக்கத்திலேயே சம்மதமா என்று கேட்டுவிடுகிறோம். மணமேடையில் மாப்பிள்ளைகள் தலையாட்டுவது போல எல்லோரும் என்ன ஏது என்று கேட்காமல் ஆட்டிவிடுகிறார்கள். நம் மாப்பிள்ளையைச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் ஆயிரம் பேர் என்று போட்டிருந்தது. நான் மயிலாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அந்தப் பிள்ளை, "ஆயிரம் பேரு இல்லீங்கய்யா, ஆயிரம் போனுங்க. ஒருத்தரே ஆப்ப அழிச்சுப்போட்டு மறுக்காப் போட்டாருன்னா ரெண்டுன்னு எண்ணிக்கும்" என்றது. "அப்பறம் ஆள எப்படிக் கண்ணு அடையாளம் கண்டுபிடிக்கறது?" என்றேன். "பேரு சொல்லாம வர்றவங்களுக்கு ஆப்பே ஒரு நம்பர் வெச்சுக்கும். என்னைக்காச்சும் அவங்க போன் நம்பரப் போட்டு லாகின் பண்ணுனாங்கன்னா, அதுவரைக்கும் நடந்ததெல்லாம் அவங்க பேருல போய்ச் சேந்துக்குங்கய்யா" என்றது.

சரி என்று, கடையில் நிற்கும் சுஃப்யானிடம் வருகிறவர்களை எல்லாம் லாகின் செய்ய வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. ஊருக்கே ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருந்தார். அவர் பெயர் தம்பிதுரை. அந்தத் தம்பிதுரை ஒரே காலையில் மதுக்கரையில் தவிடும், அன்னூரில் மக்காச்சோளமும், சோமனூரில் புண்ணாக்கும் வாங்கியிருந்தார். என்ன நடந்தது என்றால், ஓடிபி என்ற வார்த்தையைக் கேட்டாலே நம் சனத்துக்குப் பாங்கில் இருப்பதெல்லாம் பறந்துவிடும் என்று பயம். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் நம் ஆட்களுக்கு வராது. அதனால் ஒவ்வொருவரும், "நம்ம கடை நம்பரையே போட்டுக்கங்க தம்பி, வேற யாரு நமக்கு" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்கள். சுஃப்யானும் அன்புக்குக் கட்டுப்பட்டு எல்லோருக்கும் கடை நம்பரையே போட்டுவிட்டார். "அத்தன மரியாதையாக் கேக்கறவங்ககிட்ட முடியாதுன்னு எப்படீங்க முதலாளி சொல்றது?" என்று என்னையே கேட்டார். மோகனப்பிரியா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு யூசர நாம எப்படியாச்சும் தக்க வெச்சுக்கோணுங்கய்யா" என்றது. இந்தச் சிக்கலை அவிழ்க்க நான் ஊர் ஊராகப் போய், வீடு வீடாக உட்கார்ந்து, காப்பி குடித்து, அவரவர் நம்பரை அவரவர் கையாலேயே போட வைத்தேன். எனக்குச் சர்க்கரை ஏறியது, ரிப்போர்ட் சரியானது.

ஆள் தெரிந்தது, ஆனால் வியாபாரம் நடக்கவில்லை. எல்லோரும் விலைப் பக்கம் வரைக்கும் வருகிறார்கள், நிற்கிறார்கள், ஆர்டர் போடாமல் போய்விடுகிறார்கள். மோகனப்பிரியா பட்டனின் நிறத்தை மாற்றலாம் என்றது. பச்சை வைத்தோம், மஞ்சள் வைத்தோம், ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் ரிப்போர்ட்டை நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் விலையைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரமாக அதே பக்கத்தில் நிற்கிறார். எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. இவர் யோசிக்கவில்லை, நான் இறங்கி வருவேன் என்று காத்திருக்கிறார். விலையைச் சொன்னதும் பதில் பேசாமல் மேலே கூரையைப் பார்ப்பதுதானே நம்மவர் வழக்கம். கடையாக இருந்தால் அந்த அமைதி தாங்காமல் நானே குறைத்துவிடுவேன். ஆப்புக்கு அந்த அமைதி கேட்கவில்லை. தங்கள் ஊர் ஆடித் தேர்த் திருவிழாக் குதிரைச் சந்தையில் தரகர்கள் கையைத் துண்டு போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைக் கொண்டுவந்து வைத்தேன். விலைக்குக் கீழே ஒரு துண்டுப் படம். தொட்டால் அவருக்கு மட்டும் விலை கொஞ்சம் இறங்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தெரியாது. ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதால் பழைய வாடிக்கைக்கு ஒரு இறக்கம், புதியவருக்கு ஒரு இறக்கம். முதலில் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுத்தான் இறக்குகிறேன். சம்பந்தியிடம் இதை மறைப்பானேன். "இதெல்லாம் உலகத்துல எங்கயும் இல்லீங்கய்யா" என்றது அந்தப் பிள்ளை. "உலகமா கண்ணு எங்கிட்ட வந்து தவுடு வாங்குது?" என்றேன். வைத்த வாரமே லோடு ஏற்ற வண்டி போதவில்லை.

இவ்வளவு நடந்தும் ஒரே ஒரு ஆள் மட்டும் ஆனி மாதத்தில் இருந்து பேர் சொல்லாமலே வந்துகொண்டிருந்தான். மோகனப்பிரியா அவனை நீளமான ஒரு நம்பரால் சொன்னது. நான் முக்காட்டான் என்று பெயர் வைத்தேன். காலையில் பால் கறந்து முடிக்கும் நேரத்துக்கு வருவான். துண்டைத் தொடுவான், விலை இறங்கும், மறுபடியும் தொடுவான். அடிவிலைக்கு வந்து, இனி இறங்காது என்று ஆன பிறகும் தொட்டுக்கொண்டே இருப்பான். ஒரு மூட்டைகூட வாங்கமாட்டான். ஆடி மாதம் நடுவில் சில நாள் ஆளையே காணோம். செத்தானோ என்று நினைத்தேன், திரும்ப வந்துவிட்டான். விரல் தேய்ந்தாலும் காசு தேயக்கூடாது என்று நினைக்கிற கஞ்சன், முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாத பயல், மாட்டைப் பட்டினி போட்டுவிட்டு விலை விசாரிக்கிற ஜென்மம் என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியே இருக்கிறேன்.

அந்த முக்காட்டுக்குள் இருப்பது யார் என்று கண்டுபிடித்தால் குடோன் எனக்கு. யோசித்துப் பார்த்தேன். வாங்காமல் விலையை மட்டும் தெரிந்துகொள்ள யாருக்குத் தேவை? எதிர்க்கடை அரங்கசாமி நாயுடுவுக்கு. மோகனப்பிரியா, "ஈரோட்டுப் பக்கம்னு காட்டுதுங்களேய்யா. ஆனா ஊரு மட்டும் அத்தன துல்லியமா இருக்காது, டவரப் பொறுத்து மாறும்" என்றது. "மாறும்னு நீயே சொல்லிப்போட்ட, அப்பறம் என்ன" என்றேன். மயிலாத்தாள், "அந்த அண்ணன் வெச்சிருக்கறது பட்டன் போனுங்க. அவரு எப்படி ஆப்புல வருவாரு?" என்றாள். "அதுதான் முக்காடுங்கறது" என்றேன்.

பொறி வைத்தேன். அந்த ஒரு போனுக்கு மட்டும், துண்டைத் தொட்டால் பருத்திக்கொட்டை என் கொள்முதலில் பாதி விலைக்கு இறங்குகிற மாதிரி வைக்கச் சொன்னேன். நாயுடு பார்ப்பார், நான் அந்த விலைக்கு விற்கிறேன் என்று நம்புவார், தானும் இறக்குவார், தீபாவளிக்குள் கடையைப் பூட்டுவார். இதுதான் கணக்கு. "அவங்க அந்த வெலைக்கு வாங்கிப்போட்டாங்கன்னா என்னங்கய்யா பண்றது?" என்று மோகனப்பிரியா கேட்டது. "வாங்கற மொகமா இருந்தா இத்தன நாள்ல வாங்கியிருக்காதா அம்மணி" என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் வைத்தோம். வெள்ளிக்கிழமை காலை முக்காட்டான் வந்தான், தொட்டான், விலையைப் பார்த்தான், அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றான், போய்விட்டான். அன்று பத்து மணிக்கு எதிர்க்கடை வாசலில் போர்டு தொங்கியது: எல்லாத் தீவனமும் பாதி விலை. நான் கல்லாவை விட்டு எழுந்து நின்றேன். சுஃப்யான் டீ சொன்னார். மயிலாத்தாளைக் கூப்பிட்டு அந்தப் போர்டைக் காட்டினேன். வைகாசிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

ஆகவே சம்பந்தி, முகம் பார்க்காமல், பேர் கேட்காமல், துண்டுக்குள் பட்ட விரலை வைத்தே ஆளைப் பிடித்தாயிற்று. அரங்கசாமி நாயுடுதான். இனி பந்தியில் சிரித்தவர்களை எல்லாம் குடோன் திறப்பு விழாவுக்கு அழைத்து அதே பாயசத்தை மறுபடியும் போடுவது என் பொறுப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு நான் அடித்துக்கொள்கிறேன், எலிக்குப் பூனையும் நானே கொண்டுவருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் அக்ஷயாவுக்கும் எங்கள் ஆசி. அடுத்த புரட்டாசிக்குள் வீட்டில் தொட்டில் ஆடட்டும். தங்கள் தொழுவம் நிறைந்து பால் பொங்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்த கையோடு,
தம்பிதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் அரங்கசாமி நாயுடு தாம்பாளத்தோடு படியேறி வந்தார். "ஏனுங்க தம்பிதுரை, ஐப்பசில நம்ம பொண்ணு நவ்யாவுக்குக் கல்யாணமுங்க. சொந்தக்காரங்கள எல்லாம் எங்க கடைக் குடோன்லதான் தங்க வெக்கோணும், அதான் காலி பண்ண வந்த வெலைக்குத் தள்ளிவிடறேன். நீங்க ரெண்டு பேரும் மொத நாளே வந்துபோடோணும்" என்று பத்திரிகை வைத்தார். அவர் சட்டைப் பையில் இருந்தது பட்டன் போன்தான். அவர் தெருவைக் கடப்பதற்குள் மோகனப்பிரியா கூப்பிட்டது. "ஐயா, அந்த முக்காட்டுக்காரர் லாகின் பண்ணிட்டாருங்க. ஒரு லாரி பருத்திக்கொட்டை, அந்தப் பாதி வெலைக்கே. பணமும் கட்டிட்டாரு. பழைய நடமாட்டம் பூராவும் இப்ப அவர் பேருல சேந்துருச்சு. பேரு சென்னியப்பன், ஊரு அந்தியூருங்க."

உடனே அக்ஷயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா கண்ணாடியக் காணோம்னு ஓடிபிய என்னையத்தான் படிக்கச் சொன்னாருங்கப்பா. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு" என்றாள். ஆடியில் தாங்கள் காணாமல் போனது தேர்த் திருவிழாவில் குதிரை பார்க்க என்று இப்போது புரிகிறது. மேலே முக்காட்டான், கஞ்சன், பயல், ஜென்மம் என்று வரும் இடங்களைத் தாண்டி வாசிக்கவும். அடித்துத் திருத்தலாம் என்று பார்த்தேன், அப்படிச் செய்தால் கடிதத்தில் வணக்கமும் ஆசியும்தான் மிஞ்சுகிறது. நாயுடுவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். ஏற்றி வைத்து இறக்கும் விலை மற்றவர்களுக்குத்தான். லாரி, தாங்கள் பார்த்த விலைக்கே வருகிறது. துண்டுக்குள் முடிந்த பேச்சை மாற்றினால் நான் வியாபாரி இல்லை.

ஆனால் பந்தியில் தாங்கள் சொன்னது, ஆப்பு ஒரு ஆளைக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான். நான் கண்டுபிடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நான் நாயுடு என்றேன், ஆப்பு தங்களைச் சொல்லிவிட்டது. ஒரு லாரி மூட்டையை இறக்கத் தங்கள் தொழுவத்தில் இடமும் இல்லை. நேராகப் பவானி ரோட்டுக் குடோனுக்கே போகச் சொல்லி, இந்தக் கடிதத்தையும் கிளையின் பெயர்ப்பலகையையும் டிரைவரிடமே கொடுத்திருக்கிறேன். வண்டி வருகிற நேரத்துக்குச் சாவியோடு வாசலில் நிற்கவும்.