வான்காக்கும் கப்பலும் மணல்திட்டு நீர்நாய்களும்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சுரபுன்னை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், எல்லா விலங்குகளும் நலமாக வாழ்ந்துவந்தன, நீர்நாய்களைத் தவிர. அவை கரைக்கு எதிரே இருந்த மணல்திட்டில் குடியிருந்தன. திட்டில் நிழலுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. மலைப்பக்கத்துக் கழுகுகள் பறந்துவந்து, வெயில் காயும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போயின.

கயல் என்ற நீர்நாய்க்கும் ஒரு குட்டி அப்படிப் போனது. மீதி இரண்டையும் இடுக்கிக்கொண்டு, காட்டின் தலைவரான காட்டுப்பன்றியிடம் போய் அழுதாள். தலைவருக்குக் கண் கலங்கியது. கண் கலங்கினால் அவர் பெரிதாக எதையாவது வாங்குவார் என்பது காட்டுக்கே தெரியும். நரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது ஒரு கப்பல் படத்தோடு வந்து சேர்ந்தது.

"வான்பாதுகாப்பு நாசகாரிக் கப்பலுங்க. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, நாசம் எதிரிக்குத்தான். மலைக்கு மேல ஒரு கழுகு எழும்பினா இதோட ரேடார் பார்த்துரும். நூறு கழுகு சேர்ந்து வந்தாலும் எது எங்க போகுதுன்னு தனித்தனியா கணக்கு வச்சுக்கும்."

"தண்ணிக்கடியில யாராவது வந்தா?" என்றார் தலைவர்.

"அதுக்கு இதுல கருவி இல்லீங்க. இவ்வளவு பெரிய ரேடாரை உச்சியில தூக்கி வச்சா, கீழ எங்கயாவது குறைச்சுத்தானே ஆகணும்? எல்லாம் செய்யிற கப்பல் எதையும் ஒழுங்கா செய்யாது."

நரி சொன்னது முழு உண்மை. வியாபாரத்தில் உண்மையைச் சொல்வதால் ஒரு நட்டமும் இல்லை, வாங்குகிறவர் அதற்குள் படத்தில் மயங்கியிருப்பார்.

கப்பல் வந்தது. செங்கண்ணி என்ற கீரி கேப்டனானாள். ரேடார் திரைக்கு முன் ஆந்தை உட்கார்ந்தது.

முதல் நாள் மூன்று கழுகுகள் மலையைத் தாண்டின. திட்டிலிருந்த யாருக்கும் அவை கண்ணில் படவே இல்லை. கப்பலிலிருந்து வெள்ளைக் கோடாகப் புகை எழுந்தது, தூரத்தில் கொஞ்சம் இறகு பறந்தது, அவ்வளவுதான். கயல் பல நாளுக்குப் பிறகு குட்டிகளை வெயிலில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். அதைத் தொலைநோக்கியில் பார்த்த செங்கண்ணி, இந்த வேலைக்காகத்தான் பிறந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கழுகுகள் அடுத்த நாள் வரவில்லை. ஆளுக்கொரு எலிவால் கூலி பேசிக் காக்கைகளை அனுப்பின.

"காக்கைக்கு ஏவுகணையா?" என்றாள் செங்கண்ணி.

"கால்ல எதையோ தூக்கிட்டு வருது கேப்டன்," என்றது ஆந்தை. "நத்தை ஓடுன்னா பெயிண்ட் உரியும். வெடின்னா கப்பல் போயிரும்."

செங்கண்ணி சுடச் சொன்னாள். நத்தை ஓடுதான். அடுத்த காக்கை காலிலும் ஏதோ இருந்தது. சாயங்காலத்துக்குள் பாதி ஏவுகணைகள் தீர்ந்தன. கடலில் நின்றபடியே அவற்றை நிரப்ப முடியாது. தொலைவிலுள்ள துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். போனால் திட்டுக்குக் காவல் இல்லை.

தலைவரிடமிருந்து வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. "மிச்சம் இருக்கிறதைக் கப்பலுக்கு ஆபத்துன்னா மட்டும் சுடு. குட்டி வருசா வருசம் பொறக்கும். கப்பல் பொறக்குமா?"

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு பெரிய கழுகு திட்டை நோக்கித் தாழ்ந்தது. செங்கண்ணி உத்தரவை ஒரு கணம் நினைத்தாள். பிறகு, "சுடு," என்றாள்.

"முடியாது கேப்டன். கரண்ட் போயிருச்சு."

ரேடார் திரை கருத்துக் கிடந்தது. ஏவுகணைகள் குழாய்க்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. உலகத்திலேயே கூர்மையான கண்ணுள்ள கப்பலின் மேல்தளத்தில் நின்று, செங்கண்ணி வெறுங்கண்ணால் பார்த்தாள். கயல் குட்டிகள் மேல் குப்புற விழுந்தாள். கழுகின் நகங்கள் அவள் முதுகைக் கிழித்தன. குட்டிகள் மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டுப் போய்விட்டது.

செங்கண்ணி மருந்தும் துணியும் எடுத்துக்கொண்டு, சின்னப் படகில் திட்டுக்குப் போய்த் தானே கட்டுப் போட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் கயல்.

"கடல்தண்ணி சூடா இருந்தா கரண்ட் தர்ற இயந்திரம் படுத்துருது."

"இங்க எப்பவும் இப்படித்தானே இருக்கும்."

"குளிர்ந்த கடல்ல ஒரு குறையும் இல்லையாம்."

"அப்போ கழுகையும் அங்க வரச் சொல்லணும்," என்றாள் கயல். செங்கண்ணி துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அன்றே ஒரு முதலை கப்பலுக்கு அடியில் வந்து, கப்பலை உந்தும் விசிறியை முகர்ந்துவிட்டுப் போனது. யாருக்கும் தெரியவில்லை, முதலையே பிறகு நாலு பேரிடம் சொன்னதில்தான் வெளியே வந்தது. தலைவர் பதறிப்போனார். நீந்தத் தெரிந்த குடிமக்கள் கப்பலைச் சுற்றி ராப்பகலாகக் காவல் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டார். காட்டில் நன்றாக நீந்தத் தெரிந்தவை நீர்நாய்கள். ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள். முதுகுக் கட்டோடு கயலும் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பெரியவர்கள் எல்லாரும் கடலில் நிற்க, குட்டிகளைத் திட்டில் யார் பார்ப்பது? நீர்நாய்கள் அவற்றைக் கரைக்குக் கொண்டுபோய், ஓடையோரத் தாழம்புதர்களுக்குள் விட்டன. முள்ளுக்குள் கழுகால் இறங்க முடியாது. சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டுக் கழுகுகள் வேறு கடற்கரைக்குப் போய்விட்டன.

தலைவர் விழா எடுத்தார். "இந்த மாசம் மணல்திட்டுல ஒரு குட்டிகூடப் போகல. எல்லாம் கப்பலோட மகிமை," என்று செங்கண்ணிக்குப் பதக்கம் குத்தினார். முதலையிடமிருந்து இந்தக் கப்பலைக் காக்க இன்னொரு கப்பல் வரப்போவதாகவும் அறிவித்தார். நரி முன்வரிசையில் அடக்கமாகக் கை தட்டியது.

"ஐயா," என்றாள் செங்கண்ணி மெல்ல, "திட்டுல இப்போ யாருமே இல்ல. நாம யாரைக் காக்குறோம்?"

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கப்பல் நிக்குதே, தெரியல?"

நீதி: உங்களைக் காக்க வாங்கிய பொருள் உங்களைவிட விலை உயர்ந்ததாக இருந்தால், அதற்கு நீங்கள்தான் காவல் நிற்க வேண்டும். மனம் ஒப்பாதவர்கள் கழுகாகப் பிறந்திருக்கலாம்.