சுனையில் மறுபடி கிடைக்காத பாசி

"இந்தப் பாட்டில்ல இருந்த பச்சைத் தண்ணி எங்க?"

"சிங்க்ல கொட்டிட்டேன். வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி.

பாசி வாத்தியார் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் தாவரவியல் பேராசிரியர்; பாசியைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் வந்த பெயர் அது. கல்யாணமான புதிதில், மலைச் சுனை ஒன்றிலிருந்து இதே வீட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீரில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாசியைக் கண்டுபிடித்தார். அதன்பின் எத்தனை முறை மலை ஏறியும் அது அந்தச் சுனையில் கிடைக்கவேயில்லை. புளுகு என்றார்கள் சக பேராசிரியர்கள். அன்றிலிருந்து பாட்டிலில் வளர்த்துவந்த அதை உயிரோடு பார்க்க, இன்று வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வீட்டுக்கே வருகிறார். அவர் தலையாட்டினால் பாசிக்கு இவர் பெயர். இந்த மாதம் ஓய்வு பெறுகிறவருக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஆய்வு மாணவனுக்குப் போன் போட்டார். "லேப்ல இருக்கறத எடுத்துட்டு வாப்பா."

"சார்... ஏசி ரிப்பேராகி அது போன வாரமே செத்துப்போச்சு. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்று போனை வைத்தார்.

சிங்க்கின் அடிக்குழாயில் கொஞ்சமாவது தேங்கியிருக்கும். ஸ்பேனரால் திருகினார். குழாய் கையோடு வந்தது. மேலே சிங்க் நிறையப் பாத்திரம் ஊறிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. சமையலறை குளமாயிற்று. மைக்ரோஸ்கோப்பில் சோப்பு நுரைதான் தெரிந்தது.

மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "ஆராய்ச்சி போதும். பாத்ரூம் தொட்டி பச்சைப் பசேல்னு இருக்கு. எத்தன வருஷமா கெஞ்சறேன்? வர்றவர் பார்த்தா மானம் போயிடும். அதையாவது தேய்ங்க."

அவர் பாத்ரூமுக்குப் போனார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை மொத்தமாகக் கொட்டி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தார். பொட்டுப் பச்சை மிஞ்சவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக மனைவி அவரைப் பாராட்டினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. அவர் காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து டிவியில் மூழ்கியிருந்த மாமியார் அப்போதுதான் தலையைத் திருப்பினாள்.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம், மாப்பிள்ளை? கல்யாணமான புதுசுல நீங்க மலையிலேர்ந்து கொண்டாந்த தண்ணிய, நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே நான் தெரியாம கொட்டிட்டு, பயத்துல பாத்ரூம் தொட்டியில மொண்டுதான் வச்சேன். இப்பவும் அதுலயே மொண்டுக்கோங்களேன்!"