மேரன் கப்பலுக்குப் போகிற விஷயமாக

யாங்க்டன், தெற்கு டகோட்டா
டிசம்பர் 19

அன்புள்ள அர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஜோலீனும் சுகம், பனிதான் முழங்கால் வரை கிடக்கிறது. டூசானில் நீயும் உன் புது இடுப்பெலும்பும் ஒருவரையொருவர் அனுசரித்து நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போனில் அழுததாகவும், எங்கள் மகள் மேரனைக் கப்பலிலிருந்து காப்பாற்றச் சொல்லி செனட்டர் ஆபீசுக்கு மனு எழுதப்போவதாகவும் ஜோலீன் சொன்னாள். தயவுசெய்து எழுதாதே அக்கா. தப்பு கடற்படையுடையது அல்ல, என்னுடையது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், அதன்பிறகு நீ அழுதாலும் சரி.

ஓமஹாவில் மேரன் படிக்கிற மருத்துவப் படிப்பின் செலவைக் கடற்படை ஏற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். அதனால் படிப்பு முடிந்து அவள் எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பிரிவில் மேற்பயிற்சி பெறவேண்டும் என்பதையும் அவர்களேதான் முடிவு செய்வார்கள். மற்ற பிள்ளைகள் மார்ச் வரை நகம் கடிப்பார்கள். இவர்களுக்கு டிசம்பரிலேயே தெரிந்துவிடும். எந்த இடம் முதல், எது இரண்டாவது என்று இவர்கள் வரிசையாக எழுதித் தரவேண்டும். அங்கே பெரிய அதிகாரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து, படிப்புக்கு இவ்வளவு, நேர்காணலுக்கு இவ்வளவு, நல்ல அதிகாரியாக வருவாளா என்பதற்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, கடற்படைக்கு எந்த டாக்டர் எத்தனை பேர் தேவை என்றும் பார்த்து ஒதுக்குவார்கள். இதையெல்லாம் ஜூன் மாதம் மேரன்தான் விளக்கினாள்.

"ஹோட்டல்ல ஆர்டர் குடுக்கற மாதிரியாம்மா?" என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான்ப்பா. ஆனா தட்டுல என்ன வைக்கறதுன்னு சமையல்காரர்தான் முடிவு பண்ணுவாரு."

ஆகஸ்டில் அவள் சான் டியேகோ கடற்படை ஆஸ்பத்திரியில், அவள் ஆசைப்பட்ட ஆபரேஷன் பிரிவில், ஒரு மாதம் வேலை பார்த்தாள். பேருக்குப் பயிற்சி. உண்மையில் முப்பது நாள் நீளமுள்ள நேர்காணல். விடிவதற்கு முன்பே எழுந்து, சீருடை மாட்டிக்கொண்டு, யார் எது கேட்டாலும் "எஸ் சார்" சொல்லவேண்டும். சும்மா இருக்க முடியாமல் நானும் ஜோலீனும் காரை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். ஐஸ் பெட்டி நிறைய நம் மிசௌரி ஆற்று மீன். மாணவர்கள் தங்கும் கட்டட வாசலில் அந்தப் பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றபோது அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள் அந்தப் பக்கமாக வந்தார். "தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிப்பா" என்றேன். நல்ல மனிதர், பிடித்தார். மூன்று மாடி ஏறினோம். ஏறுகிற நேரத்தில் பேச்சு வேண்டுமே என்று, மேரன் ஒன்பது வயதில் கன்றுக்குட்டிக்குக் காயடிக்கும்போது ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்த கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் படிக்கட்டில் நின்று நின்று சிரித்தார். மேலே மேரன் கதவைத் திறந்தாள், அவரைப் பார்த்ததும் கம்பம்போல் விறைத்து, "குட் மார்னிங், கேப்டன்" என்றாள்.

அவர் போனதும் கேட்டாள்: "அப்பா, அவரு யாருன்னு தெரியுமா? ஆபரேஷன் பிரிவுக்கு ஆள் எடுக்கறதே அவருதான்!"

"எனக்கென்னம்மா தெரியும், அரை டவுசர் போட்டிருந்தாரு."

"அவர்கிட்ட என்னெல்லாம் சொன்னீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. கன்னுக்குட்டி விஷயம் மட்டும்தான்."

அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ரிசல்ட் வந்துடுச்சுப்பா. சான் டியேகோல முதல் வருஷப் பயிற்சி. அது முடிஞ்சதும் கப்பல் டாக்டரா போறேன்."

"அப்ப ஆபரேஷன்?"

"இப்ப இல்லப்பா. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாம்."

ஜோலீன் போனைப் பிடுங்கி, "அழாதடி கண்ணு, அழாத" என்றாள். அவள் அழுததாகத் தெரியவில்லை, ஆனாலும் ஜோலீன் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் நோயாளிகளுக்கான ஜெபத்தில் மேரன் பேரையும் சேர்த்துவிட்டார். எதிர்வீட்டு லவோன் சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி உருளைக்கிழங்கைச் சீஸ் போட்டுச் சுட்ட கேசரோல் கொண்டுவந்து, வாசலிலேயே என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நான் அந்தக் கேப்டனுக்கு ஒரு கடிதம் போட்டேன். "ஐயா, அன்று கன்றுக்குட்டி அருகில் மயங்கி விழுந்தது என் மகள் அல்ல, நான். என்னை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவள்தான் அவள். கதை சுவைக்கட்டும் என்று ஆளை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவளுடைய மார்க்கில் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்" என்று. பதில் வராது என்று தெரியும். ஆனாலும் எழுதியபிறகு மனசு லேசாயிற்று. என் பெண் என் வாயால் கெட்டாள், அதை ஏற்றுக்கொண்டேன். அவள் பேசும்போது ஆபரேஷன் என்ற வார்த்தையை மட்டும் நீ எடுக்காதே அக்கா.

கர்த்தர் உன் வீட்டையும் உன் இடுப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஜோலீன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள தம்பி,
வெண்டல்

பி.கு.: நான் ஸ்டாம்ப் தேடிக்கொண்டிருந்தபோது மேரன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து இறங்கினாள். மேஜைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை, கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே படித்தாள்.

"அப்பா, கேப்டன் என்னை ரெண்டு தடவ கூப்ட்டு, ஆபரேஷன் பிரிவ முதல்ல எழுதுன்னாரு. நான்தான் கப்பல முதல்ல எழுதினேன். நான் கேட்டதுதான் கெடச்சிருக்கு."

"ஏம்மா?"

"கடற்படைல சேந்து நாலு வருஷமாச்சு. இன்னும் ஒருநாள்கூட கடல்ல நின்னதில்லப்பா. நாலு ஊர் பாக்கணும். அப்புறமா அறுக்கறேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"அக்டோபர்ல போன் பண்ணிச் சொன்னேனே! நீங்க சிங்க்குக்கு அடியில படுத்துக்கிட்டு, 'ரொம்ப சந்தோஷம்மா, அந்த ஸ்பேனர எடு'ன்னீங்க. ஓமஹாலேர்ந்து எப்படி எடுக்கறது? வெள்ளிக்கெழம சொன்னா, ஆளுக்கு ஆள் துக்கம் விசாரிக்கறீங்க. எனக்கு சந்தோஷப்படவே வெக்கமா போச்சு."

பிறகு மூவரும் லவோனின் கேசரோலைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். மேரன் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்றேன். "அத்தை படிக்கட்டும்" என்று அவளே ஸ்டாம்ப் ஒட்டுகிறாள். ஆகவே அக்கா, மேலே எழுதியதில் தேதி மட்டும் சரி.