செலரி கொடுத்த வள்ளல்

வள்ளல்களில் பல ரகம் உண்டு. பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு அப்போதே மறந்துபோகிறவர்கள் சாது ரகம். அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. இங்கே பேசப்போவது நாற்று வள்ளல்களைப் பற்றி. கையில் ஒரு செடியோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பாது. செடி உள்ளே வரும். பின்னாலேயே அவரும் வருவார். பிறகு வந்துகொண்டே இருப்பார்.

தாராவியில், கீழே பை தைக்கும் பட்டறையும் மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறையுமாகக் குடித்தனம் நடத்தும் நுஸ்ரத்துக்கு வாய்த்த வள்ளல் பிரம்மநாயகம். டிராம்பேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்று, அடுத்த சந்தில் மொட்டைமாடி முழுக்கப் பெயிண்ட் வாளிகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று பயிர்செய்து சலித்துப்போனவர். தக்காளி யார் வீட்டிலும்தான் காய்க்கிறது. அதில் என்ன பெருமை? ஆகவே செலரி என்னும் வெளிநாட்டுத் தண்டுக்கீரை. தூசியைவிடக் கொஞ்சமே பெரிய விதை, முளைக்க மூன்று வாரம், வளர நான்கு மாதம், கடும் வெயில் ஆகாது, மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. ஒரு மனிதரை அடுத்தவர் வீட்டுக்கு நூறு முறை அனுப்பிவைக்க இதைவிடத் தோதான பயிர் உண்டா?

நவம்பரில் வாளியைக் கொண்டுவந்து இறக்கினார். காலையில் முக்கால் மணி நேரம் வரும் குழாய்த் தண்ணீர்கூடச் சில நாள் தவறியது. அவர் தவறவில்லை.

"தங்கச்சி, மண்ணு காஞ்சிருக்கே?"

"இப்பதான் ஊத்துனேன் அண்ணாச்சி."

"நீ ஊத்துனேன்னு சொல்லுத. குடிச்சேன்னு செடில்லா சொல்லணும்?"

விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். பிறகு நுஸ்ரத்தின் முகத்தைப் பார்ப்பார். அவள் கணவன் ஷாகுல் ஹமீது அரை வாளித் தண்ணீரில் குளிக்கப் பழகிக்கொண்டான். ஜனவரியில் வெள்ளையும் இளசுமாகத் தண்டு வர வேண்டுமென்று பழைய செய்தித்தாளைச் சுற்றி, பட்டறை நூலால் இறுக்கிக் கட்டினார். பை எடுக்க வந்த வியாபாரி வாளியைப் பார்த்துவிட்டு, யாருக்கு அடிபட்டது என்று இந்தியில் விசாரித்தார்.

"இத வச்சு என்ன அண்ணாச்சி பண்ணணும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சூப்பு வைக்கலாம்."

"நீங்க சாப்பிட்டிருக்கியளா?"

"எனக்குச் சூப்பு ஆகாது."

பிப்ரவரியில் கடையநல்லூரில் நுஸ்ரத்தின் தம்பிக்குக் கல்யாணம். பத்து நாள் பயணம். டிக்கெட்டெல்லாம் கன்ஃபர்ம். செய்தி கேட்ட பிரம்மநாயகம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பத்து நாளா? செலரிய விட்டுட்டா?"

"இருக்கது ஒரே தம்பி, அண்ணாச்சி. அவன் நிக்காஹ கண்ணால பாக்க வேண்டாமா?"

"பொறவு பாத்துக்கிடலாம். தம்பி எங்க போயிரப் போறான்?"

"அப்ப பத்து நாளைக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்களேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "குடுத்தத திரும்ப வாங்குத வழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாது!"

அவர் போனதும் ஷாகுல் ஹமீது தயங்கித் தயங்கிச் சொன்னான். "நான் வேணா இருந்துக்கிடுதேன். நீ போயிட்டு வா."

"மாப்பிள்ளைக்கு மச்சான் எங்கன்னு சபையில கேப்பாங்க. தாராவியில ஒரு கீரைக்குத் தண்ணி ஊத்துதாருன்னு சொல்லவா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறை விஜயராணியின் வாசலில் போய் நின்றாள் நுஸ்ரத். விஜயராணிக்கும் நாக்கு எழும்பவில்லை.

ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டியதும் விஜயராணிக்கு நுஸ்ரத்தின் முதல் போன். புனேயில் இரண்டாவது. சோலாப்பூரில், விரலை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்று விளக்கம். இவளுக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. கொடுத்த கைக்குத் தானாக வந்துவிடுகிறது. நிக்காஹ் அன்று மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நுஸ்ரத் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி வீடியோ காலில் இருந்தாள்.

"விஜயா, கேமராவ கொஞ்சம் கீழ எறக்கு. மண்ணு தெரியட்டும்."

"மண்ணு எங்கக்கா தெரியும்? நான் கோபர்கைரனேல அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். செடிய எதுத்த வீட்டு பானுமதிகிட்டல்லா குடுத்திருக்கேன்."

"எப்படி இருக்காம்?"

"யாருக்குத் தெரியும்? காலையில இருந்து ஏழு தடவ போன் போட்டுட்டேன். எடுக்கவே மாட்டுக்கா, திமிரு புடிச்சவ."

"அதெப்படி எடுக்காம இருப்பா? குடுத்தவங்க கேக்காம வேற யாரு கேப்பா?" என்று நுஸ்ரத் போட்ட சத்தத்தில், உள்ளே தம்பி சம்மதம் சொன்னது அவள் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது எல்லோரும் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த ரகமில்லை. போன மாதம் மச்சினிக்குக் கொடுத்த ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தது வேறு யாரோ. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு சின்னப் பரீட்சை: இதை ஒரு நண்பருக்கு அனுப்பிவையுங்கள். படித்தாரா, எந்த இடத்தில் சிரித்தார் என்று கேட்காமல் ஒரே ஒரு நாள் இருங்கள், பார்க்கலாம்.