தாராவை நீ வந்து அழைத்துப் போவது பற்றி

கல்கத்தா
1979 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாகீரதி அக்காவுக்கு,

ஜலஜாவின் அநேக நமஸ்காரம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுது என்று ஆரம்பிப்பதுதான் முறை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் பாதியை எழுதப் பேனா ஓடவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தாராவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். "வர்றதும்மா, போய்க் காப்பி போடு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. இவருக்கு விரல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. குறட்டை கீழ்வீட்டு வங்காளி மாமி மாஷிமாவுக்கே கேட்கும். மைத்துனன் சேஷாத்ரியின் அறைக்கதவில் காதை வைத்தேன். பாங்குக்குக் கிளம்ப முகம் மழித்துக்கொண்டு ஏதோ ராகம் முனகிக்கொண்டிருந்தான். எல்லோரும் உயிரோடிருக்கிறார்கள் என்று நிச்சயமானதும் காஸ் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தது. திறந்தால்தானே காப்பி போட முடியும் என்று திறந்தேன். திறந்ததும் பயமாக இருந்தது. இதெல்லாம் எந்தக் குடும்பத்திலும் பெண்கள் செய்கிற காரியம்தான். இதை நான் ஏன் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேன் என்றால், இதை ஒரு டாக்டரம்மா வியாதி என்கிறாள். அதுவும் என் வியாதி என்கிறாள். காட்டப் போனது தாராவை.

போன கடிதத்தில் தாராவுக்கு வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? வயிறு சரியாகத்தான் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் ஒரு நாள்கூடப் போகவில்லை. போகமாட்டேன் என்று சொல்வதும் இல்லை, அதுதான் எனக்குக் கிலி. தானே எழுந்து குளித்து, சீருடை போட்டு, தலை பின்னி, ஷூ நாடாவைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போவாள். அங்கே கதவில் முதுகைச் சாய்த்து, வீட்டைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். முகம் வெளுத்துப்போகும், வயிறு வலிக்கிறது என்பாள், குடித்த பால் வெளியே வந்துவிடும். கீழே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். பஸ் தெருமுனை திரும்பியதும் முகத்தில் ரத்தம் திரும்பி, "அம்மா, பசிக்கறது, தோசை இருக்கா?" என்பாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று, கந்த சஷ்டி கவசம் சொல்லி விபூதி இட்டாயிற்று. பதிமூன்று வயதுப் பெண் அக்கா. பூஜை விடுமுறைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லியனுப்பிவிட்டாள். கடைசியில் குழந்தை டாக்டரே கைவிரித்து, பாலிகஞ்சில் டாக்டர் மிஸஸ் சான்யால் என்று ஒருத்தியிடம் அனுப்பினார். குழந்தைகளின் மனசுக்கு வைத்தியம் செய்கிறவள். மனசுக்கு என்று கேட்டதும், நாளைக்கு அவளை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று நினைத்தேனா, அடுத்த நிமிஷமே, கல்யாணமாகிப் போன இடத்திலும் வாசல் கதவிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். இதில் இன்னொரு நிபந்தனை வேறு: பெண் மட்டும் வந்தால் போதாது, அந்த வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிடுகிற அத்தனை பேரும் வரவேண்டுமாம். "நானுமா? நான் என்ன பண்ணினேன் மன்னி?" என்றான் சேஷாத்ரி. "சாப்பிட்டியோன்னோ, வா" என்றார் இவர்.

உனக்குத்தான் தெரியுமே, இவர் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை ஆபீஸில் இருக்கிறவர். ஜெனரல் மானேஜர் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார் என்றால் கல்லுக்குக்கூட வெள்ளையடித்து நிறுத்துகிற இலாகா. போன சனிக்கிழமை டாக்டரிடம் போனோம்; அதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்த்திவைத்து ஒத்திகை நடத்தினார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தானா எதையும் சொல்லப்படாது. சேஷு, வீட்டில் சண்டை உண்டா?" சேஷாத்ரி எழுந்து நின்று, "இல்லை சார்" என்றான். "உட்கார்ந்து சொல்லுடா. தாரா, உனக்கு ஸ்கூல் பிடிக்குமா?" "பிடிக்கும்" என்றாள் தாரா. "அப்படிச் சொன்னா நம்புவாளா? சிரிச்சிண்டே சொல்லு." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பங்குக்கு நான் என்ன செய்தேன் என்றால், விடிந்ததும் கேசரி கிளறினேன், பஜ்ஜி போட்டேன், தாராவுக்குப் பட்டுப் பாவாடை கட்டிப் பூ வைத்தேன். பெண்ணை யாரோ உட்கார்த்திவைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றால் இவை இல்லாமல் எனக்குக் கை ஓடுவதில்லை. பயத்தில் நெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

வெளியில் யார் கேட்டாலும் பல் டாக்டர் என்று சொல்வதாக ஏற்பாடு. படி இறங்குவதற்குள் எதிர்வீட்டு ஷியாமளா பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொன்னால் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். "என்ன ஜலஜா, பட்டும் பூவுமா எங்கே கிளம்பிட்டேள் எல்லாரும்?" என்றாள்.

"பல் டாக்டர்ட்ட" என்றார் இவர்.

"யாருக்கு?"

நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் "எனக்கு" என்றோம். 

ஷியாமளா மூக்கை உறிஞ்சி, "கேசரி வாசனைன்னா வர்றது? பல் டாக்டருக்கா?" என்றாள். "பிடுங்கினப்புறம் பசிக்குமே மாமி" என்றான் சேஷாத்ரி. அவள் என் கையிலிருந்த தூக்கைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டாக்ஸியில் ஏறிய பிறகும் என் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. டாக்ஸியில் தாரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாவம், குழந்தைக்குப் பயம் என்று நினைத்தேன்.

மிஸஸ் சான்யால் என் வயசுக்காரிதான். கதர்ச் சேலை, மூக்குக் கண்ணாடி, சின்னக் குரல். எங்கள் பட்டுத்துணியையும் தூக்கையும் பார்த்துவிட்டு இன்றைக்கு யாருக்காவது பிறந்தநாளா என்று கேட்டாள். ஒத்திகையில் இல்லாத கேள்வி. நாங்கள் மூன்று பேரும் இவர் முகத்தைப் பார்த்தோம். பிறகு வீட்டில் நிலைமை எப்படி என்று கேட்டாள். "எவ்ரிதிங் இஸ் அண்டர் கண்ட்ரோல், மேடம்" என்றார் இவர். சேஷாத்ரி தான் எம்.காம். முதல் வகுப்பு என்று சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கூடை நிறைய மரப் பொம்மைகளைத் தாராவின் முன்னால் கொட்டினாள். வீட்டில் காலை வேளையில் யார் யார் எங்கே இருப்பார்கள், வைத்துக் காட்டு என்றாள். இவ்வளவு பெரிய பெண்ணிடம் பொம்மையைக் கொடுக்கிறாளே, இவளிடமா என் குழந்தையை ஒப்படைப்பது என்று நினைத்தேன். தாரா மறுக்கவில்லை. அப்பா பொம்மையைக் கம்பளத்தின் கோடியில் வைத்தாள், அதுதான் கார்டன் ரீச்சாம். சித்தப்பா பொம்மையைக் குப்புறப் படுக்கவைத்தாள், பேப்பர் படிக்கிறானாம். அம்மா பொம்மையை பால்கனியில். கடைசியாக ஒரு சின்னப் பொம்மையை எடுத்து வாசலில், வெளியே பார்க்க அல்ல, உள்ளே பார்க்க நிறுத்தி, அதன் இரண்டு கையையும் விரித்துவைத்தாள்.

இவள் என்ன செய்கிறாள் என்று டாக்டர் வங்காளியில் கேட்டாள். தாராவும் வங்காளியிலேயே, "பாஹாரா திச்சே" என்றாள். நம் பக்கத்தில் பாரா நிற்கிறது, காவல் நிற்கிறது என்பார்களே, அதேதான். யாருக்குப் பாரா என்றாள் டாக்டர்.

"அம்மாவுக்கு" என்றாள் தாரா. இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

அப்புறம் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், தமிழும் வங்காளியுமாக. லீவு பூராவும் வீட்டில் இருந்தபோதுதான் பார்த்தாளாம். அப்பா ஆபீஸ் போனதும் அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறாளாம், கை சில்லிட்டுப் போகிறதாம், அப்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் கொஞ்சத்தில் சரியாகிவிடுகிறதாம். "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா யாரு பிடிச்சுப்பா?" என்று டாக்டரைக் கேட்டாள். எனக்கு வெட்கத்தில் காது அடைத்துவிட்டது. மனுஷி பால்கனியில் நின்று காற்று வாங்கக்கூடாதா? போன வருஷ வெள்ளத்தில் இவர் கார்டன் ரீச்சில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பாமல், தகவலும் இல்லாமல், நான் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அது வேறு. அது எல்லோரும் நின்றதுதான். டாக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் கடைசியாகத் தனியாக வெளியே போனது எப்போது என்று மெதுவாகக் கேட்டாள். "நேத்திக்குக்கூடப் போனேனே" என்றேன். வெள்ளையடித்த கல் மாதிரி எல்லோரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இந்த சேஷாத்ரி, யாரும் கேட்காமலே, "இல்லை டாக்டர். வெள்ளத்துக்கப்புறம் மன்னி தனியா படியிறங்கினதே இல்லை. காய்கறி, தபால் எல்லாம் நான்தான்" என்றான். இவர் நாற்காலிக்கு அடியில் அவன் காலை மிதித்தார். மிதிபட்டது என் கால்.

இதுதான் வைத்தியம். மருந்து இல்லை, மாத்திரை இல்லை. அடுத்த வாரமும் எல்லோரும் வரவேண்டும், அம்மா முக்கியமாக வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது கேசரியை மட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இவர், "பொண்ணைக் காட்டினா அம்மாவைக் குத்தம் சொல்றா. தாராவை மெட்ராஸ்ல உன் அக்காகிட்ட அனுப்பிடு. இடம் மாறினா எல்லாம் சரியாப்போயிடும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது அக்கா. நீயும் முன்பே கூப்பிட்டாய். உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், கூடப் போய்வர உன் பெண் சகுந்தலா இருக்கிறாள், நீ தைரியசாலி. ஆகையால் கோரமண்டலில் டிக்கெட் எடுத்து, இந்த மாதத்துக்குள் நீ வந்து அவளை அழைத்துப் போய்விடு. தாராவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள், ரகளை செய்வாள் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவள் அழவில்லை. "நான் போயிட்டா நீ?" என்று மட்டும் கேட்டாள். "எனக்கு என்னடி, நான் நன்னா இருப்பேன்" என்றேன். சொல்லும்போது கை எங்கே இருந்தது என்று பார்த்தால், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேறு விசேஷம் இல்லை. அத்திம்பேர் மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு. சகுந்தலாவுக்கு என் ஆசீர்வாதம், நிறையப் படித்து நல்ல இடத்தில் அமரட்டும். எல்லோரும் ரோடு தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுங்கள்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை,
ஜலஜா

பி.கு.: மேலே உள்ளதை மத்தியானம் எழுதினேன். இப்போது சாயங்காலம். கவரில் போட்டு, வழக்கம்போல சேஷாத்ரியிடம் கொடுக்கலாம் என்று எடுத்தவள், கொடுக்கவில்லை. தாராவை உன்னிடம் அனுப்பிவிட்டால் பாராக்காரி மட்டும்தான் மெட்ராஸ் வருவாள்; பாரா போட வேண்டிய ஆள் இங்கேயேதான் இருப்பாள். அந்தப் பெண் மாம்பலத்தில் உன் வீட்டுக் கதவில் சாய்ந்து கல்கத்தாவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆகையால் நாளைக் காலை இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுவதாக இருக்கிறேன். தெருமுனைதான். நடுவில் டிராம் லைன், ஒரு திறந்த சாக்கடை, காரணமில்லாமல் குரைக்கிற ஒரு நாய். இவரிடம் சொல்லவில்லை, தாராவிடமும் சொல்லவில்லை. ஷூ கட்டிக்கொண்டு அவள் கதவில் சாய்ந்து நிற்கும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே போய், "கொஞ்சம் நகருடி, நான் வெளியே போகணும்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சமையலறையில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதே கை சில்லிட்டுவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் பெட்டியில் போட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

எனவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், நீ வரவேண்டாம்.