விளங்கிச்சுதோ என்று ஏஐயிடம் கேட்ட கதை

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது “விளங்கிச்சுதோ?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலை வாங்கியவர் இருந்தால் சொல்லுங்கள். நேரில் போய் மாலை போட்டுவிட்டு வருகிறேன். உடுப்பிட்டியில் ஆறு வருடம் கணித ரியூசன் கொடுத்தவள் நான். பாடம் முடிய “விளங்கிச்சுதோ பிள்ளையள்?” என்பேன். “ஓம் ரீச்சர்!” என்று கூரைத் தகரம் அதிரும். சோதனையில் அவர்கள் எடுத்த புள்ளிகளை இங்கே எழுதமாட்டேன். (பாவம், கலியாணம் பேசும் வயது.)

இப்படிப்பட்ட அனுபவசாலியைத்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்னக் கணினிக் கொம்பனி வேலைக்கு எடுத்தது. பேக்கரிக்கு மேல்மாடியில் கந்தோர், அதாவது அலுவலகம். முதலாளியோடு நாலு பேர். பாண் வாசனை இலவசம்.

நோர்வேயில் கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒருவர் எங்களுக்கு வேலை தந்தார். விளையாட்டில் வரும் வாள், கேடயம், பூதம் எல்லாவற்றின் விபரத்தையும் தேடித் தரும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பாவிக்கப்போவது மனிதர் இல்லை, ஏஐ. விளையாடுகிறவர் கேள்வி கேட்பார், ஏஐ கருவியில் தேடிப் பதில் சொல்லும். கருவியை எப்படிப் பாவிப்பது என்று ஏஐக்காகவே ஒரு விளக்கக் குறிப்பும் எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பு ஏஐக்குப் போதுமா என்று பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுவது என் பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருட வேலையும் எங்களுக்கு. பிழைத்தால் கந்தோரைப் பூட்டிவிட்டு நாலு பேரும் கீழே போய்ப் பாண் விற்கலாம்.

நான் செய்த அறிவியல் ஆய்வு இதுதான். குறிப்பை முழுதாக ஏஐக்குக் கொடுத்து, “விளங்கிச்சுதோ?” என்று கேட்டேன்.

“மிகத் தெளிவாக விளங்கியது. அருமையான குறிப்பு!” என்றது.

“எங்கேயாவது குழப்பம்?”

“ஒன்றுமே இல்லை.”

ஆறு வருடத்தில் ஒரு மாணவன் என்னோடு இவ்வளவு மரியாதையாகக் கதைத்ததில்லை. உருகிப்போனேன். பத்துக்கு ஒன்பதரை போட்டேன். (முழுப் புள்ளி போட்டால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.)

வீட்டில் பெருமையாகச் சொன்னபோது அண்ணை சோற்றுக் கையை நிறுத்தினார்.

“எடியே, உதுக்கு ஒரு கேள்வியைக் குடுத்துச் செய்யவிட்டுப் பாத்தனியோ?”

“ஆறு வருசம் படிப்பிச்சனான். எனக்கே சொல்லித் தாறியள்?”

“அதுதான் கேக்கிறன்” என்றார் அண்ணை.

வெள்ளிக்கிழமை நோர்வேக்காரர் திரையில் வந்தார். பெரிய தாடி, சாந்தமான முகம். ஏஐயிடம் தானே கேள்வி கேட்டார்.

“இந்த விளையாட்டில் மொத்தம் எத்தனை பூதம்?”

“பத்து” என்றது என் மாணவன்.

தாடி அசைந்தது. கருவி ஒரு தடவைக்குப் பத்துத்தான் காட்டும், மிச்சத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். இதைக் குறிப்பு சொல்லவில்லை.

“நெருப்பைத் தாங்கும் கேடயம் எது?”

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு இருந்தது, அதைப் போட்டால்தான் கருவி தேடும். அதையும் குறிப்பு சொல்லவில்லை. ஏஐ சும்மா பெயரைப் போட்டுத் தேடியது, ஒன்றும் வரவில்லை. ‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் படித்தது? “அக்கினிக் கேடயம். வடக்கு வாசல் கொல்லனிடம் வாங்கலாம்” என்று வெளுத்துக் கட்டியது. அந்த விளையாட்டில் கொல்லனே கிடையாது. உருவாக்கியவரே முன்னால் இருக்கிறார்!

“எப்படிச் சோதித்தீர்கள்?” என்று என்னைக் கேட்டார்.

“விளங்கியதா என்று கேட்டேன்.”

“யாரிடம்?”

“ஏஐயிடம்தான்.”

“அது என்ன சொன்னது?”

“ஆம் என்றது.”

கீழே பேக்கரியில் யாரோ “அரை றாத்தல் பாண்” கேட்டது நோர்வே வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலாளி தலையில் கை வைத்தார். “பிள்ளை, கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கறியிட்டையே கேட்டனீ?”

குளியலறையில் போய் அழுதேன். என் வேலை போனால் பரவாயில்லை, மற்ற மூன்று பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. நல்ல காலம், தாடிக்காரர் ஏழு நாள் அவகாசம் தந்தார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. சோதனைப் பேப்பர் போலக் கேள்விகளைக் கொடுத்து, ஏஐ எங்கே இடறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குறிப்புக்குப் பத்துக்கு மூன்று போட்டேன்.

அந்தக் குறிப்பை எழுதியவரே தாடிக்காரர்தானாம். முதல் வந்த ஒன்பதரையைத் தனக்குப் பணம் போடும் பெரியவர்களுக்கு ஏற்கெனவே காட்டியும் விட்டாராம். மூன்றைக் கண்டதும் முகம் செம்பரத்தம்பூவானது. ஆனாலும் நல்ல மனுசன், குறிப்பைத் திருத்தி எழுதும் வேலையையும் எங்களுக்கே தந்தார். கந்தோர் தப்பியது.

நான்தான் தப்பவில்லை. கதை வீட்டுக்கு வந்து, ஊரெல்லாம் பரவியும் விட்டது. அம்மா “உலையைப் பாத்தனியோ?” என்றால், “உலையிட்டைக் கேட்டவளாம், ஓமெண்டு சொன்னதாம்” என்று அண்ணை பதில் சொல்வார்.

போன வருடம் எனக்குக் கலியாணம். தேவாலயம் நிறையச் சனம். போதகர் “இவரை ஏற்றுக்கொள்ளுகிறாயா?” என்று கேட்க, நான் “ஓம்” என்றேன்.

பின்னாலிருந்து அண்ணையின் குரல்: “உதை நம்பாதேங்கோ ஐயா, ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ.”

தேவாலயமே சிரித்தது. போதகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். “தம்பி, உமக்கு எல்லாம் விளங்கிச்சுதோ?”

“ஓம் ஐயா, நல்லா விளங்கிச்சு” என்றார் அவர்.

ஒரு வருடமாக வீட்டில் வைத்துச் சோதித்துவருகிறேன். பத்துக்கு மூன்று போடலாம்.